தொன்மத்துக்கு ஏன் சான்றிதழ்?

1951 நவம்பர் 22 அன்று வத்திக்கானில் அறிவியலறிஞர் அவையில் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்னும் புதிய வானியற் கருத்து, ஒளி உண்டாகுக என இறைவன் பணித்த முதற்கணத்துக்கே சான்று பகர்வதாக மகிழ்ந்துரைத்தார். அக்கருத்துக்கு வித்திட்டவரோ மகிழவில்லை. அவர் பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் லெமைத்தர். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் கணித்துக் காட்டி, 1931இல் அவ்விரிவைப் பின்னோக்கி நடத்திச் சென்று ஒற்றை மூல அணுவில் கொண்டு நிறுத்தியவர். அவரே ஒரு கத்தோலிக்கக் குருவும் ஆவார். திருத்தந்தைக்கு அறிவியற் கருத்துரை கூறிவந்த வானியலாரிடம் அவர் தம் கவலையை எடுத்துரைத்தார். 1952இல் உரோமையில் வானியலார் மாநாடு கூடியபோது, திருத்தந்தை அப்பேச்சை மீண்டும் எடுக்கவில்லை.

இத்தகைய நாவடக்கம் நம்மிடையே அருகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் எதைக் கண்டறிந்தாலும், அது நம் முன்னோர் பாடலில் முன்பே உள்ளது என்று முழங்க மேடைதோறும் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அடிக்கடி அகப்படுவது பரிபாடல். திருமாலைப் போற்றும் அதன் இரண்டாம் பாடலில் கீரந்தையார் உலகத் தோற்றத்தைப் பாடுகிறார். முதலில் வானம், அதினின்று காற்று, பின்னர்த் தீ, பின்னர் நீர், நீருள் ஆழ்ந்து கிடந்து வெளிப்பட்ட நிலம். ஒவ்வொன்றும் ஓர் ஊழி. அவ்வூழிகளை அளக்கப் புலவர் எடுத்தாளும் பேரெண்களின் பெயர்கள் நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் என வருகின்றன. அளக்கவொண்ணாக் காலத்தை நீர்ப்பூக்களின் பெயரால் எண்ணிய உள்ளத்தை வியந்து நிற்க வேண்டிய இடம் இது. அங்கே நின்று பெருவெடிப்பைத் தேடுவோர் பாட்டையும் இழக்கிறார்கள், அறிவியலையும் எட்டுவதில்லை.

ஏனெனில் அறிவியலின் வழி வேறு. 1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தம் அலைவாங்கியில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினும் அது குறையவில்லை. உள்ளே கூடு கட்டிய புறாக்களை விரட்டினர். அவற்றின் எச்சத்தையும் துடைத்தெடுத்தனர். இரைச்சல் நின்றபாடில்லை. பேரண்டத்தின் இளமைக்கால வெப்பம் ஆறி ஆறி, இன்று தனிச்சுழியினின்று 2.7 பாகை அளவில் எஞ்சியிருப்பதே அது என்று பின்னர்த் தெளிவாயிற்று. பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்று இன்று சொல்வதும் அவ்வெச்ச ஒளியை நுணுகி அளந்தே. நாளை வேறோர் அளவை இதனைத் திருத்தலாம். திருத்தினால் அறிவியலுக்கு இழுக்கில்லை. அந்த அளவையை நம்பிப் புனித நூலைத் தூக்கி நிறுத்தியவருக்கே இடர். லெமைத்தர் அஞ்சியதும் இதுவே.

தொன்மங்கள் விடைகூறும் வினாவே வேறு. பாபிலோனியரின் படைப்புக் கதையில் மார்டூக், தியாமத் என்னும் கடற்பெண்ணை வீழ்த்தி, அவள் உடலை இருகூறாக்கி ஒன்றை வானமாக விரிக்கிறான். அதனை ஆண்டுப் பிறப்பு விழாவில் ஓதினர். தம் நகரமும் அதன் தெய்வமும் ஏன் தலைமை பெற்றன என்பதே அவர்கள் நாட்டிய செய்தி. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் படைப்புப் பாடலோ, இது எங்ஙனம் தோன்றிற்று என்பதை மேலிருந்து காண்பவனும் அறிவானோ, அறியானோ என்று ஐயத்திலேயே முடிகிறது. இதற்கு மேலும் இயற்பியல் முத்திரை குத்துவது, அந்த ஐயத்தின் பெருமையை உணராமை.

பாடநூல் யாப்போரையும் ஆசிரியரையும் நாம் வேண்டுவது இது: பரிபாடலைத் தமிழ் வகுப்பில் பாட்டாகவே பயிற்றுங்கள், புறா எச்சம் துடைத்த கதையை அறிவியல் வகுப்பில் விரித்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.