வடக்கின் பொருளாதாரம்: முன்னைய அரசுகளின் பொறுப்புப் பற்றி எமது நிலைப்பாடு

வடக்கின் கமக்காரர், கடற்றொழிலாளர், கூட்டுறவுப் பணியாளர் சேர்ந்தது எமது அமைப்பு. ஊர்க் கூட்டங்களில் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இன்றைய கஷ்டத்துக்குப் பழைய அரசுகள்தான் காரணமா?

ஆம் என்பதே எமது பதில். ஆனால் 'முன்னைய அரசுகள்' என்று மொத்தமாகச் சொல்வதை நாம் ஏற்கவில்லை. எந்த ஆண்டு, எந்த முடிவு, யார் எடுத்தது என்று பிரித்துச் சொன்னால்தான் எதைத் திருத்த வேண்டும் என்பது தெரியவரும். மொத்தமாகச் சொன்னால், பதவியில் இருப்பவர்களுக்கு அது நல்ல சாட்டாகிவிடும்.

அண்மைய நெருக்கடியில் பொறுப்பாளிகள் யார் என்பதில் ஐயம் இல்லை. 2019 டிசம்பரில் ராஜபக்ச அரசினர் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, அரசின் வருமானத்தைத் தாமே வெட்டினார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். பசளை தேவைப்பட்ட நேரத்தில் எமது நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் அது கிடைக்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோர் இந்தச் சரிவுக்குப் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்கிறோம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. கொழும்பில் அது ஒரு நாள் செய்தி. இங்கே கடலுக்குப் போகும் சிறுபடகின் எஞ்சினும், வெங்காயத் தறைக்கு நீர் இறைக்கும் மெசினும் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். ஆகவே அடி இரண்டு தொழிலிலும் ஒன்றாக விழுந்தது.

ஆனால் வடக்கின் கணக்கு 2019இல் தொடங்கியதல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு சந்தையைத் திறந்தபோது, இந்தக் கமக்காரர் என்ன செய்வார்கள் என்று எவரும் யோசிக்கவில்லை. பின்னர் யுத்தம் வந்தது. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. இன்றுவரை அதில் சீமெந்து உற்பத்தி இல்லை. அதே ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். எரிபொருள், சீமெந்து, பற்றரி, பசளை எல்லாம் தடைப் பொருட்களாயின. சேலைன் போத்தலில் துளித்துளியாகப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அப்படிப் பழகிய ஒரு தலைமுறைக்குத் தொழில் தொடங்க முதல் எங்கிருந்து வரும்?

எல்லாப் பழியையும் கொழும்பின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க விரும்பவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியது எந்த அரசும் அல்ல, விடுதலைப் புலிகள். யாழ்ப்பாணக் கடைத்தெரு தன் வணிகர்களையும் தையற்காரர்களையும் அன்று இழந்தது. இதைச் சொல்லாமல் எழுதும் எந்தக் கணக்கும் நேர்மையான கணக்கல்ல.

இந்தக் கணக்கில் இன்றைய அரசுக்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை மக்கள் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தார்கள். பழையவர்கள் கெடுத்த கதையைக் கேட்பதற்காக அல்ல, அதைத் திருத்துவார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். கடன் ஒரு வருடத்தில் தீராது என்பது எமக்கும் விளங்கும். ஆனால் பலாலியைச் சுற்றி இராணுவம் வைத்திருக்கும் எஞ்சிய காணிகளை விடுவிக்க வெளிநாட்டு நாணயம் தேவையில்லை. 2018இல் காலம் முடிந்த வடமாகாண சபைக்குத் தேர்தல் வைக்கவும் தேவையில்லை. 2017இல் சட்டமாகிய இழுவைமடித் தடையை எமது கடலில் இறுக்கமாக நடைமுறைப்படுத்த எவரிடமும் கடன் வாங்க வேண்டியதும் இல்லை.

இந்த மூன்றுக்கும் அரசு திகதி சொல்ல வேண்டும். சிறுபடகுக்கும் இறைப்புக்கும் மண்ணெண்ணெய் மானியத்தைப் பங்கீட்டு அட்டை முறையில், கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாக வழங்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய எமது சங்கங்கள் ஆயத்தமாக உள்ளன. இவ்வறிக்கையை அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கையளித்து, பதிலையும் எழுத்திலேயே கேட்போம்.