மின்சாரம் கேட்காத நீர்ச்சக்கரம்

மின்சாரமும் டீசலும் இல்லாமல், கிராமத்துப் பட்டறையில் செய்யப்பட்ட ஒரு கருவி வயலுக்குத் தண்ணீர் இறைக்குமா? உத்தரப் பிரதேசத்தின் லலித்பூர் மாவட்டத்தில் இக்கேள்விக்கு 1987-லேயே விடை கிடைத்துவிட்டது. அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தில்லிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பைலோனி லோத் கிராமத்து விவசாயி மங்கள் சிங், சஜ்நாம் ஆற்றில் சக்கரம் ஒன்றை நிறுவினார். ஓடும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரப் பெட்டி அந்தச் சுழற்சியின் வேகத்தைப் பெருக்கும். அதனோடு இணைந்த சாதாரணப் பம்பு, ஆற்று நீரையே எடுத்து மேட்டு நிலத்துக்கு ஏற்றும். நீர் இறைக்காத வேளையில் அதே தண்டைக் கொண்டு மாவு அரைக்கலாம். மாட்டுத் தீவனம் வெட்டலாம். 'மங்கள் டர்பைன்' என்று பெயர் பெற்ற இக்கருவிக்கு 1997-ல் காப்புரிமையும் கிடைத்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. தன்னைத் தானே இயக்கிக்கொண்டு ஓயாமல் நீர் கொட்டும் 'அதிசயப் பம்பு' என்று அவ்வப்போது கிளம்பும் செய்திகள் வெறும் ஏமாற்று. தண்ணீரை மேலே ஏற்ற ஆற்றல் வேண்டும். அதை ஆறோ, காற்றோ, மாடோ, மனிதக் காலோ தந்தாக வேண்டும். ஏற்றத்தையும் கவலையையும் கண்ட தமிழக விவசாயிக்கு இது புதுச் செய்தி அன்று. கேள்வி, எங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதுதான்.

இமயமலைச் சரிவுகளில் பயன்படும் 'ஹைட்ராம்' பம்பை எடுத்துக்கொள்வோம். விழும் நீரின் வேகத்தைக் கொண்டே அந்நீரின் ஒரு பகுதியை மேலேற்றும் கருவி இது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து 100 லிட்டர் நீர் விழுந்தால், 60 சதவீதத் திறனில் ஆறு லிட்டரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றலாம். மற்ற 94 லிட்டர் கீழே ஓடிவிடும். ஓடை வற்றாத இடத்தில் அது இழப்பாகாது. இரவும் பகலும் ஆள் இல்லாமலேயே வேலை நடக்கும். வங்கதேசத்தில் உருவாகி வங்கத்துக்கும் பிகாருக்கும் பரவிய மிதிபம்பின் கணக்கு வேறு. நிலத்தடி நீர் ஏறத்தாழ ஏழு மீட்டருக்குள் இருந்தால்தான் அது உறிஞ்சும். தொடர்ந்து மிதிக்கும் ஒருவர் சுமார் 75 வாட் ஆற்றலே தர முடியும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் வேலைக்கு 50 பேர் மிதிக்க வேண்டும். காய்கறித் தோட்டத்துக்கு அது போதும். ஐந்து ஏக்கர் கோதுமைக்குப் போதாது. உழைப்பாளியின் முதுகை ஒடிப்பதைச் 'சுற்றுச்சூழல் நேயம்' என்று பாராட்டுவதும் முறையன்று.

மங்கள் சிங்கின் சக்கரத்துக்கும் எல்லை உண்டு. தடுப்பணை வேண்டும்; நீர் ஓட்டம் வேண்டும். கோடையில் ஓடை வற்றினால் சக்கரம் நிற்கும். ஆனால் புந்தேல்கண்ட் விவசாயிக்கு டீசல் செலவு கழுத்தை நெரிப்பது மழைக்காலத்துக்குப் பிந்தைய ராபி பருவத்தில். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஓடைகளில் நீர் மிஞ்சியிருப்பதும் அப்போதுதான்.

ஊரக வளர்ச்சி அமைச்சகம் நியமித்த பி.பி. மைதானி தலைமையிலான விசாரணை, இக்கருவியின் பயனை ஏற்று, அதைப் பரவலாக்கவும் பரிந்துரைத்தது. எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு அன்று. அரசே கேட்டுப் பெற்ற அறிக்கை. இருந்தும் கிராமங்களில் சக்கரங்கள் பெருகவில்லை.

காரணம் பணமின்மை என்று எவரும் சொல்ல இயலாது. புந்தேல்கண்ட் வறட்சிக்கென 2009-ல் மத்திய அரசு அறிவித்த தொகுப்பு நிதி மட்டும் ரூ.7,266 கோடி. 2021-ல் ஒப்புதல் பெற்று, 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட கென்-பெத்வா இணைப்புத் திட்டத்தின் மதிப்பீடு ரூ.44,605 கோடி. ஓடைக்கு அருகில் கிடக்கும் தரிசுக்கு நீரேற்றும் சக்கரம், இவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவே கண்ணில் படுவதே கடினம். ஒப்பந்ததாரருக்கும் அதில் ஆர்வம் இராது.

2019-ல் தொடங்கிய 'பிஎம் குசும்' திட்டத்தைப் பாருங்கள். தனித்தியங்கும் சூரியசக்திப் பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் மானியம் தரும் என்று அறிவிக்கப்பட்டது. டீசலிலிருந்து விவசாயியை மீட்கும் நல்ல நோக்கம்தான். ஆயினும் அதில் மானியம் சூரியத் தகட்டுக்கும் மோட்டாருக்கும். டீசலை மிச்சப்படுத்தியதற்காக அன்று. அதே டீசலை ஓடையின் விசையால் மிச்சப்படுத்தும் விவசாயிக்கு அந்த விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்பதும், எந்த மாநிலத்தில் எத்தனை பம்புகள் நிறுவப்பட்டன என்றுதான். அமைச்சரின் பதிலும் அட்டவணையோடு முடிந்துவிடும். செலவில்லாத சூரிய ஆற்றல் நிலத்தடி நீரை மேலும் உறிஞ்சவே வழிவகுக்குமோ என்ற அச்சத்துக்கு அந்த அட்டவணையில் விடை இல்லை. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. ஓடை நீரை ஏற்றும் சக்கரமோ நிலத்தடியைத் தொடுவதில்லை.

அரசு செய்ய வேண்டியது பெரிதன்று. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நாடெங்கும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. அவற்றுள் மழை நின்ற பின்னும் சில மாதங்கள் நீர் வழிந்தோடுபவை எவை என்று மாவட்டப் பொறியாளர்கள் கணக்கெடுக்கலாம். அங்கே சக்கரமோ ஹைட்ராமோ வைக்க, சூரியப் பம்புக்குத் தரும் அதே விகிதத்தில் மானியம் தரலாம். உள்ளூர்க் கொல்லரும் வெல்டரும் செய்யும் கருவி என்பதால் தர முத்திரை இல்லை என்று அதிகாரிகள் தட்டிக் கழிப்பார்கள். வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று சோதித்துச் சான்றளித்தால் அந்தச் சாக்கும் அடைபடும். மேற்பகுதி விவசாயி ஏற்றும் நீர் கீழ்ப்பகுதி விவசாயிக்குக் குறையும் என்ற சிக்கல் மட்டும் மெய்யானது. எத்தனை சக்கரங்கள், எந்தெந்த நாள்களில் என்பதை ஓடையோரக் கிராமங்கள் கூடி முடிவு செய்த பிறகே மானியம் என்று முதல் நிபந்தனையாக விதிக்க வேண்டும்.