சீண்டலும் ஸ்பானரும்



உங்கள் இதழில் வந்த, பழைய மோட்டார் சைக்கிள்கள் பற்றிய கட்டுரையில் விலையும் வேகமும் விரிவாக இருந்தன. வண்டிக்காரர்களின் நட்பைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பகுதி டீக்கடை முன் ஞாயிறு காலையில் புல்லட், எஸ்டி, ஆர்எக்ஸ் 100 எல்லாம் வரிசைகட்டி நிற்கும். "ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வந்துச்சாண்ணே, இல்ல இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்று கிக்கரில் கால் வைத்த புல்லட்காரரைச் சீண்டுவார்கள். "உன் வண்டியில கிக்கரும் கியரும் ஒரே கம்பிதானே தம்பி, நீ பேசாத!" என்று அவர் எஸ்டிக்காரரை வாருவார். ஆர்எக்ஸ்காரரின் புகைக்குத் தனி அர்ச்சனை உண்டு. ஆனால் யார் வண்டியாவது கிளம்பாமல் மக்கர் செய்தால், அதிகம் வாரியவர்தான் முதலில் ஸ்பானரோடு குனிவார். இந்த உறவு எனக்கு மிகவும் பெரிது.

ஆனால் மைசூரில் எஸ்டி உற்பத்தி 1996-இலேயே நின்றுவிட்டது. ஆர்எக்ஸ் 100-உம் அதே ஆண்டோடு முடிந்தது. பழைய வண்டிகளின் பாயின்ட் இடைவெளியைக் காதாலேயே சரிபார்க்கும், பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் என்று கேட்டவுடன் சொல்லும் மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவருகிறது. அவர்களைத் தேடிப் பேட்டி கண்டு தொடராக வெளியிடுங்கள். பட்டறையில் நடக்கும் கேலிப் பேச்சையும் வெட்டாமல் அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர்