வளர்ந்தால் சரியாகிவிடாது

"வயசுக் கோளாறுங்க, வளந்தாச் சரியாப் போயிரும்." சென்னிமலையில் தறி ஓட்டுகிற வீடுகளில் இதைக் கேட்காத நாளில்லை. பைபோலார் என்கிற இருமுனைய மனநோய் பெரியவர்களுக்குத்தான் வரும், பிள்ளைகளிடம் இருப்பது கொழுப்பும் செல்லமும் செல்போனும்தான் என்பது ஊர்த் தீர்ப்பு. அன்பு வைத்திருப்பவர்களே இதைச் சொல்வதால்தான் நம்பிவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு வராது என்பதே முதலில் தவறு. இந்த நோயை வகைப்படுத்திய ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பெலின், பத்து வயதுக்குள் தொடங்கியவர்களையும் நூறாண்டுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு சிறு வயதில் அபூர்வம். பதின்பருவத்தின் பிற்பகுதியில் அப்படி இல்லை. பெரியவர்களான நோயாளிகள் பலருக்கு முதல் அறிகுறி பள்ளி, கல்லூரி நாட்களிலேயே தோன்றியிருக்கும்.

"எல்லாப் புள்ளைகளும் இப்படித்தானுங்க" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதால் வரும் பிழை இது. அந்தப் பிள்ளையின் பழைய சுபாவத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பத்து மணிக்குத் தூங்கிவிடும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென ஒரு வாரமாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறாள், மறுநாள் சோர்வே இல்லை. செல்போனால் கெட்ட தூக்கம் என்றால் காலையில் கண் சொருகும், இவளுக்குச் சொருகவில்லை. பேச்சு வேகமெடுக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. நம்மூர் பெட்ஷீட்டைத் தானே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யப்போவதாக நோட்டு நோட்டாக எழுதுகிறாள். தடுத்தால் பாய்கிறாள். சில வாரம் கழித்து அதே பெண் குளிக்கவும் எழுந்திருப்பதில்லை, தறிச் சத்தம்கூட எரிச்சலாக இருக்கிறது, செத்துவிடலாம் என்கிறாள்.

முதல் கட்டத்தின் தொடக்கத்தில் வீடு மகிழ்ந்துதான் இருந்திருக்கும்: "புள்ள சுறுசுறுப்பாயிட்டா." அதனால் மருத்துவரிடம் முடங்கிக் கிடந்த நாட்களை மட்டும் சொல்கிறோம். அவர் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், இருமுனைய நோய் உள்ளவர்களில் சிலருக்கு அதுவே முதல் கட்டத்தில் பார்த்த மிகையெழுச்சியைத் தூண்டிவிடலாம். தாய்மாமனுக்கோ அப்பத்தாவுக்கோ இப்படி இருந்ததையும் மறைக்கிறோம், நாளைக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்களே என்று. மருத்துவருக்குப் பெரிதும் உதவும் தடயம் அது. கல்யாணப் பயத்தில் பிள்ளையின் வைத்தியத்தையே திசைமாற்றுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கக் குற்றச்சாட்டும் உண்டு: கோபப்பட்டாலே பைபோலார் என்கிறார்களாம். அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 2003 வரை, பைபோலார் என்று குறித்துச் சிறுவர்கள் மருத்துவரைப் பார்த்த வருகைகள் 40 மடங்கு பெருகின. ஓயாத எரிச்சல் உள்ள பிள்ளைகளுக்கு 2013-இல் தனி நோய்ப்பிரிவே ஏற்படுத்தினார்கள். ஆகவே நிதானமாகப் பார்க்கும் மனநல மருத்துவர் வேண்டும். பார்க்காமலே இருக்க இது காரணமாகாது.

மலையேறி முருகனைக் கும்பிடுவதை எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். ஆனால் வேண்டுதலை மட்டும் நம்பி மனநோயாளிகளை மருந்தில்லாமல் சங்கிலியில் கட்டிவைத்ததன் விலையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காப்பகத் தீயில் 28 உயிர்களாகக் கொடுத்தோம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்பது அடுத்த பயம். இந்நோய்க்கு உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கண்டறிந்து சொன்ன லித்தியம் இன்றும் முக்கிய மருந்து; அது போதை தராது. கவனம் மட்டும் வேண்டும்: ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் தண்ணீர் குறையக் கூடாது. வாந்தி, பேதி வந்தால் உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நன்றாகிவிட்டதென்று தாமாகச் சட்டென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

பக்கத்திலேயே பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. போகும்போது ஒரு நோட்டில், எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது எழுந்தாள், எந்த நாளில் பேச்சு கூடியது, எந்த நாளில் சாப்பாட்டை ஒதுக்கினாள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். சாக வேண்டும் என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் நோட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.