பழைய ரம்பம் வாங்குவோர் கவனத்துக்கு

மைசூர் மண்டி மொஹல்லாவின் சந்துகளுக்கு ஈட்டி மரத்தூள் புதிதல்ல. கன்னடத்தில் 'பீட்டே' எனப்படும் அந்தக் கருமரத்தில் பள்ளம் செதுக்கி, பல நிற மரத் துண்டுகளைப் பதித்து யானையும் மயிலும் வரைந்து காட்டும் 'இன்லே' வேலை தலைமுறைகளாக அங்கே நடந்து வருகிறது. புவிசார் குறியீடும் பெற்ற தொழில் அது. அப்படிப்பட்ட ஊரில் பத்துப் பதினைந்து வருஷம் கூலிக்கு உழைத்த ஒரு தமிழ்த் தச்சர், சொந்தமாகச் சின்னதாய் ஒரு ஷெட் பிடித்தால் முதலில் தேடுவது டேபிள் ரம்பத்தைத்தான். புதிதுக்குப் பணம் இராது. யாரோ விற்கும் பழைய சிறிய மெஷினுக்குப் பேரம் நடக்கும்.

பழையது வாங்குவதில் குற்றமில்லை. பேரம் எதைப் பற்றி நடக்கிறது என்பதுதான் கேள்வி. மோட்டார் எத்தனை குதிரைசக்தி, எந்தக் கம்பெனி, எவ்வளவு குறைப்பீர்கள் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிளேடின் மேல்மூடி எங்கே, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகடு எங்கே என்று கேட்பவர் அபூர்வம். விற்பவரும் அதை எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருப்பார். பள்ளம் ஓட்ட இடைஞ்சலாக இருந்தது என்பார்.

அந்தத் தகடு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. டேபிள் ரம்பத்தில் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை அறுக்கின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட மரம் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், எழும் பற்கள் அதைத் தூக்கி ஆளின் வயிற்றை நோக்கி எறியும். தள்ளிக்கொண்டிருந்த கையும் பிளேடுக்கு இழுபடும். பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றினாலே அதன் ஓரம் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கார்பன் பிரஷ் வைத்த சின்ன மெஷின்களில் வேகம் இன்னும் அதிகம். கையை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க நேரமே கிடையாது. பின்தகடு அறுத்த வாயை மூடவிடாமல் பிடித்து நிற்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஏதோ ஒரு தகரத்தை வெட்டி அங்கே நிறுத்திவிட முடியாது. பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பற்கள் அறுக்கும் வாயைவிட மெல்லியதாகவும் அது இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ரம்பத்தின் பிளேடில் பட்டு ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. விரல் பட்டவுடன் பிளேடை நிறுத்தும் ரம்பம் அங்கே 2004 முதல் விற்பனையில் இருக்கிறது. அது மண்டி மொஹல்லாவின் பழைய சாமான் கடைக்கு வரும் நாளைக் காத்திருப்பதில் பயனில்லை.

இங்கே விரலுக்கு என்ன மதிப்பு? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அட்டவணை போட்டே சொன்னது: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. உளியைப் பிடிக்கும் கைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதுவும் கூலிக்கு வேலை செய்பவருக்குத்தான். சொந்தப் பட்டறையில் சொந்த ரம்பத்தில் விரலை இழப்பவர் யாரிடம் போய் நிற்பார்?

ஆகவே மெஷினைப் பார்க்கப் போகிறவர் தன் பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வெறுமனே ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் பேரிங் போயிற்று. பிளேடின் ஒரு பல்லில் குறி வைத்து, அதற்கும் கைடுக்கும் உள்ள தூரத்தை முன்னால் ஒருமுறை, அதே பல்லைப் பின்னால் திருப்பி ஒருமுறை அளக்க வேண்டும். பின்னால் தூரம் குறைந்து, கைடைத் திருப்பியும் சரியாகாவிட்டால் மரம் கவ்வுவது நிச்சயம். அதன்பிறகு பலகையை அறுக்கட்டும். மோட்டார் திணறுகிறதா, பிரஷ் பக்கம் பொறி பறக்கிறதா, கருகல் வாடை வருகிறதா என்பது அப்போது தெரியும். எர்த் கம்பி இல்லாமல் இரண்டு கம்பியோடு நிற்கும் மெஷினை எந்த விலைக்கும் தொடக்கூடாது.

இன்லே வேலைக்கென்றே வாங்குபவர் இன்னொன்றும் யோசிப்பது நல்லது. கார்பைடு பல் பிளேடு ஒவ்வோர் அறுப்பிலும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. மூன்று மில்லிமீட்டர் பட்டை எடுக்க அதே அளவு ஈட்டி குப்பைக்குப் போகும். அதற்குப் பட்டை ரம்பமே, அதாவது பேண்ட் சாவே, ஏற்றது. பிளைவுட்டுக்கும் ரீப்பருக்கும் டேபிள் ரம்பம் சரி.

பணத்துக்கு வழியே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சருக்கும் இடமுண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவி, ஈடில்லாமல் முதலில் ஒரு லட்சம், பின்னர் இரண்டு லட்சம் கடன், வட்டி ஐந்து சதவீதம். அரசு ஊழியரும் அவர் குடும்பமும் சேர முடியாது. ஆனால் குடும்பம் என்பது அங்கே கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே. மச்சினனுக்காகப் பி.எஃப். பணத்தைத் தொட நினைக்கும் குமாஸ்தா இதை முதலில் விசாரிக்கலாம்.

வாங்கிய பிறகு கையுறையும் தோள்துண்டும் ரம்பத்தின் பக்கம் வரவே கூடாது. பிளேடு துணியைப் பிடித்தால் கையும் கூடவே போகும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருப்பதால் மூக்குக்கு முகமூடி தேவை. ஊரிலிருந்து புதிதாக வந்த பையனை மறுமுனையில் பலகை பிடிக்க நிறுத்தினால், ஸ்விட்ச் இருக்கும் இடத்தையும் 'நில்லிசு' என்ற கன்னடச் சொல்லையும் முதல் நாளே கற்றுக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் ஆபத்தைக் கண்டு கத்தும்போது தமிழில் கத்தமாட்டார்.