ஆறு பச்சை, நா வேறு

மார்ச்சு 17, அயர்லாந்தின் காவல் தூயராகிய பேட்ரிக்கின் திருநாள். அதனையொட்டிச் சிக்காகோவில் ஓர் ஆற்றையே பச்சையாக்குகின்றனர், அங்குக் குடியேறிய அயர்லாந்தார் வழியினர். 1962 முதல் நடப்பது இது. நியூயார்க்கு ஊர்வலமோ 1762-இலேயே தொடங்கியது. உடை பச்சை, தொப்பி பச்சை. குடிக்கும் தேறலும் பச்சை!

அவ்வூர்வலத்தாருள் தம் முன்னோரின் ஐரிசு மொழி பேசுவோர் எத்துணைப் பேர்? மிகச் சிலரே. அம்மொழி தானாகத் தேயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பள்ளிகள் பலவற்றில், அதனைப் பேசிய சிறுவர் கழுத்தில் கோல் ஒன்றைக் கட்டி, பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டுப் பதித்து, மாலையில் எண்ணி அடித்தனர். பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர் என்பதே நெஞ்சைச் சுடுவது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து நூறாயிரவர் மாண்டனர்; ஏறத்தாழ அத்துணைப் பேர் நாடு விட்டு ஓடினர். ஐரிசு மட்டுமே அறிந்த மேலைக்கரை ஏழையரையே அப்பஞ்சம் மிகுதியாக வாட்டியது.

பசியால் ஓடியவர் மொழியை இழந்ததைப் பழித்தல் அறமன்று. வயிறு நிரம்பிய பெயரர் கதை வேறு. 1902-இல் அயர்லாந்து மொழிக்கழகத்தார் இத்திருநாளையொட்டி மொழிக் கிழமை ஒன்றை நிறுவினர். பெயர்தான் கிழமை, இன்று அது மார்ச்சு 1 முதல் 17 வரை, கடல் கடந்தும் நடைபெறுகிறது. தொப்பிக் கடையில் நெருங்கும் கூட்டத்தை அங்குக் காண்பதற்கில்லை.