கடன் பாக்கியா, நடத்தைச் சான்றா?

வேலை கிடைக்காததால் கடன் கட்ட முடியவில்லை. கடன் கட்டாததால் வேலை கிடையாது. கல்விக் கடன் வாங்கிப் படித்த சேரிப் பிள்ளைகளை இன்றைக்கு இந்த வட்டத்துக்குள் நிறுத்தி வைத்திருப்பது சிபில் அறிக்கை. இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிறோம், பின்னடைவுப் பணியிடங்கள் பற்றிப் பேசுகிறோம். அந்த இடத்துக்குத் தேர்வெழுதி ஜெயித்து வருகிறவர்களை வாசலிலேயே மறிக்கும் இந்தக் காகிதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும் தோழர்களே.

நான் அஸ்தம்பட்டியில் வங்கிக் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சிபில் 2000-இல் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் பெரும்பங்கு டிரான்ஸ்யூனியன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படி நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் 300-இலிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இதில் சாதி கேட்கும் கட்டம் கிடையாது. தேவையும் இல்லை. விற்க நிலமில்லாதவர், அடகு வைக்க நகையில்லாதவர், அவசரத்துக்குக் கைமாற்றுத் தர மாமன் மச்சான் இல்லாதவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள்தான் தவணை தவறுவார்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போடுவதால், சேகோ மில்லில் மாவு காயவைக்கும் அம்மாவின் பேரிலும் அதே கறை விழுகிறது.

இங்கே ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது: தள்ளுபடி. அரசு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் தீர்ந்தது. வங்கி ஒரு கடனை 'ரைட் ஆஃப்' செய்தால் பத்திரிகைகள் அதையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. அது வேறு. வங்கி தன் வரவுசெலவுக் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கட்ட வேண்டியது அப்படியே நிற்கும். "அதான் தள்ளுபடி ஆயிருச்சே சார்" என்று நம்பி வருகிற பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிடுகிறது.

'செட்டில்மென்ட்'டும் இப்படித்தான். "பாதியக் கட்டுங்க, முடிச்சு விட்டுர்றோம்" என்பார்கள். வட்டிக்கு வாங்கியாவது கட்டுவோம். போன் தொல்லை நிற்கும். ஆனால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று விழாது, 'செட்டில்டு' என்று விழும். முழுசாகக் கட்டாதவர் என்று அதற்கு அர்த்தம். கடன் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

வங்கிகள் கடனை விற்கவும் செய்கின்றன. ஸ்டேட் வங்கி 2016-இல் சுமார் 847 கோடி ரூபாய் கல்விக் கடன்களை ரிலையன்ஸ் குழுமத்தின் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிக்கு 45 சதவீத விலைக்குக் கொடுத்தது. நூறு ரூபாய்க் கடன் கம்பெனிக்கு நாற்பத்தைந்து ரூபாய். அந்த நாற்பத்தைந்தைக் கட்டி முடித்துக்கொள் என்று மாணவனிடம் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. அந்த ஜூலையில் மதுரையில் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் மகன், பொறியியல் படித்தவர், தற்கொலை செய்துகொண்டார். வசூல்காரர்களின் நெருக்குதல்தான் காரணம் என்றது குடும்பம்.

இனி வேலைக்கு வருவோம். ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனம், பழைய கடன் தவறுதல்களைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. எல்லாக் கடனையும் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டுமாம். மற்ற அரசு வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளும், பாதகமான கணக்கு இருந்தால் பாக்கியில்லைச் சான்று கொண்டு வா, இல்லாவிட்டால் வேலை போகலாம் என்கின்றன. சம்பளம் வந்தால்தானே பாக்கி தீரும்? சம்பளத்துக்கு முன்னாலேயே தீர்த்துவிட்டு வா என்றால், அப்பன் பணம் உள்ளவன் மட்டும் வா என்று பொருள்.

ஒழுக்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ரைட் ஆஃப் செய்தது 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், 7.40 லட்சம் கோடி, பெருந்தொழில்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன். நாடாளுமன்றத்தில் 2023 ஆகஸ்டில் அரசே சொன்ன கணக்கு இது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடும் வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என்று அதே ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அவர்களுக்குச் சமரசம், நமக்கு ஒழுக்கப் பாடம்.

அம்பேத்கர் 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். திரும்பி வந்து பத்தாண்டு அங்கே வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917-இல் போனார். அந்த ஊரில் தங்க அவருக்கு ஒரு வீடு தர ஆளில்லை. சில நாட்களிலேயே வேலையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு பரோடா அரசு தான் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. சாதி துரத்தியதைக் கணக்குப் புத்தகம் எழுதாது, பாக்கியை மட்டும் எழுதும். அன்றைக்கு சிபில் இருந்திருந்தால், 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் வெளியிட்டவரை எந்த வங்கி குமாஸ்தா வேலைக்காவது சேர்த்திருக்கும்?

என்ன செய்வது? ஆண்டுக்கு ஒருமுறை நான்கு நிறுவனங்களிடமும் அறிக்கை இலவசம். மாணவர் அமைப்புகள் விடுதி விடுதியாகப் போய் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வட்டி மானியம் வரவு வைக்கப்பட்டதா, கட்டிய தொகை பதிவாகியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதுவும் நடக்காவிட்டால் அதன் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வசூலுக்கு வருகிறவரிடம், கடன் உங்கள் கைக்கு மாறியதற்கான கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக்கூடாது என்பது 2022-லேயே சொல்லப்பட்டது. பாதி கட்டி முடிப்பதானால், அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இது தனியாள் தப்பிக்கிற வழி. இயக்கம் கேட்க வேண்டியது வேறு. வேலை கிடைக்கும் முன் நின்றுபோன கல்விக் கடனைக் காட்டி அரசு வங்கி வேலையை மறுக்கக் கூடாது. கல்விக் கடனைத் தனியார் வசூல் கம்பெனிக்கு விற்கக் கூடாது. கட்டி முடித்தவர் பேரில் பழைய கறையை வைத்திருக்கக் கூடாது. சிபில் குறைவு என்று கல்விக் கடனையே மறுக்க முடியாது என 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. படிக்கத் தடையில்லை என்றால் படித்தபின் வேலைக்கு மட்டும் எதற்குத் தடை? அடுத்த வங்கித் தேர்வு அறிவிப்பு வருவதற்குள் இந்தக் கேள்வி தெருவுக்கு வர வேண்டும்.